பத்துப் பொருத்தம்

(‘ஆபத்தில் பெரிதும் கைகொடுப்பது உறவா? ஊராரா?’ என்ற பட்டிமன்றத்தில் ‘ஊராரே’ அணியில் பேசியது)

பெருமதிப்பிற்குரிய நடுவர் ஐயா அவர்களே! ‘கூடப்பிறந்தவன் இருக்க ஊரான் எதுக்கு?’ என்று கேட்டுவிட்டு அமர்ந்திருக்கும் எதிரணி அம்மா அவர்களே!

கூடப்பிறந்தவனே கைகொடுக்க முடியாத ஓர் இடம் இருக்கிறது ஐயா. அது எலும்பு மஜ்ஜை.

மஜ்ஜைதான் நம் உடம்பின் ரத்தத் தொழிற்சாலை. ரத்தப் புற்றுநோய், தலசீமியா வந்த பலருக்கு அந்தத் தொழிற்சாலையையே மாற்ற வேண்டியிருக்கிறது. இன்னொருவருடைய ஸ்டெம் செல்லை ஏற்றணும். இதற்கு ரத்த குரூப் ஒத்துப்போக வேண்டிய அவசியமே இல்லை. எச்.எல்.ஏ. என்கிற அணு அடையாளம் ஒத்துப்போகணும். முக்கியமாகப் பார்ப்பது ஐந்து மரபணு. அப்பா வழி ஐந்து, அம்மா வழி ஐந்து, ஆகப் பத்து. கல்யாணத்துக்குப் பார்க்கிற அதே பத்துப் பொருத்தம்! (சிரிப்பு) கல்யாணத்திலே ஆறு பொருந்தினாலே, ‘பையனுக்கு நல்ல வேலை’ன்னு முடிச்சிடறோம். இங்கே பொருத்தம் தப்பினால், வந்த அணுக்கள் நோயாளியின் உடம்பையே தாக்கலாம். பாதிப் பொருத்தத்திலும் இப்போது சிகிச்சை உண்டு. ஆனாலும் முதலில் தேடுவது முழுப் பொருத்தத்தைத்தான்.

அண்ணன் தம்பியிடம் அது அமையும் வாய்ப்பு? நாலில் ஒன்று! ஒற்றைப் பிள்ளை வீட்டில் அதுவும் கிடையாது. ஊரான்தான் வரணும்.

எந்த ஊரான்? இந்த அடையாளம் பரம்பரையாக வருவது. ஒரே மூதாதையர் வழி வந்தவர்களிடம்தான் பொருந்தும் வாய்ப்பு அதிகம். அமெரிக்கப் பதிவேட்டில் வெள்ளையருக்கு முழுப் பொருத்தம் கிடைக்க 79 சதவீத வாய்ப்பு, கறுப்பினத்தவருக்கு 29. உலகப் பதிவேடுகளில் 4 கோடிப் பேருக்கு மேல் இருக்கிறார்கள். 140 கோடி ஜனங்கள் உள்ள இந்தியாவிலோ சில லட்சம்தான்! அதிலும் நாம் தலைமுறை தலைமுறையாகச் சொந்தத்துக்குள்ளேயே, சாதிக்குள்ளேயே பெண் கொடுத்து எடுத்தவர்கள். அதனால் எல்லா ஊரும், எல்லா மொழியும், எல்லாச் சமூகமும் பதிவேட்டில் இருக்கணும். லண்டனில் படுத்திருக்கும் நம்ம பிள்ளைக்குப் பொருத்தம் மதுரையில் இருக்கலாம்.

சென்னையிலேயே 2009 முதல் ‘தாத்ரி’ பதிவேடு இருக்கிறது. கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் தடவிக் கொடுத்தால் போதும். பொருத்தம் அமைந்தால், பெரும்பாலும் ஐந்து நாள் ஊசி. பிறகு கை நரம்பு வழியாக ரத்தத்தை எடுத்து, இயந்திரத்தில் அணுக்களைப் பிரித்து, மீதியைத் திருப்பி ஏற்றிவிடுவார்கள். சில நாள் உடம்புவலி இருக்கும். எடுத்தது கிணற்றுநீர் மாதிரி ஊறிவிடும்.

இவ்வளவுக்குப் பிறகும் கடைசி நேரத்தில் பின்வாங்குகிறவர்கள் உண்டு. பல வீட்டில் தடுப்பது யார்? எதிரணி புகழ்ந்த அதே உறவு! (கைதட்டல்) ‘முதுகுத் தண்டுல எடுப்பாங்களாம்’ என்று பயமுறுத்துகிறார்கள். முதுகுத் தண்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அங்கே நோயாளியின் பழைய மஜ்ஜையை மருந்தால் அழித்துவிட்டுக் காத்திருப்பார்கள். அந்த நேரம் ‘மாட்டேன்’ என்றால் ஓர் உயிரே போய்விடும் தாய்மார்களே! யோசிப்பதைப் பதிவுக்கு முன்னால் யோசியுங்கள். கொடுத்த வாக்கை மாற்றாதீர்கள்.

நடுவர் அவர்களே, சிகிச்சை பலித்தபின் நோயாளியின் ரத்த குரூப்பே கொடுத்தவரின் குரூப்பாக மாறிவிடுகிறது. முகம் தெரியாதவனின் ரத்தம் ஆயுசுக்கும் உள்ளே ஓடுகிறது. அவனை உறவு என்று நீங்கள் சொன்னாலும் சரி, அந்த உறவைத் தந்தது ஊர்தான் என்று கூறி அமர்கிறேன். (கைதட்டல்)