வெள்ளம் வடிந்த பின் கிணறு இறைப்பவர்களுக்கு

ஊர்காவற்றுறை, வேலணை, நயினாதீவு, நெடுந்தீவு என்று பல வருடங்களின் பின் வீடு திரும்புகிறவர்கள், வளவைத் துப்புரவாக்கியதும் அடுத்துக் கை வைப்பது கிணற்றில். பாவனையற்றுக் கிடந்த கிணற்றுக்குள் மாரி வெள்ளமும் இறங்கியிருந்தால், ஒரு பம்பைப் பூட்டி அடிமட்டம் வரை இறைத்துவிடலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். அந்த அவசர இறைப்பில்தான் ஆபத்து இருக்கிறது.

சுவிசிலும் நோர்வேயிலும் உள்ள உங்கள் உறவினர்கள் பனிச்சரிவைப் பற்றிச் சொல்லியிருப்பார்கள். பனிப்புயலுக்கு அடுத்த நாட்களில் புதுப் பனி சரிவில் சரியாக ஒட்டாமல் கிடக்கும். சறுக்கி விளையாடப் போகிறவரின் பாரமே அதை அசைத்துவிடப் போதும். அங்கே சரிவில் அகப்பட்டு இறப்பவர்களில் பெரும்பாலோர், தாங்களோ கூட வந்தவர்களோ கிளப்பிவிட்ட சரிவில்தான் அகப்படுகிறார்கள். எங்கள் தீவுகளில் பனி இல்லை. ஆனால் புயல் மழைக்குப் பின் கிணற்றைச் சுற்றியுள்ள நிலமும் அப்படியான நிலையில்தான் இருக்கும்.

மழையில் ஊறிய மண் கிணற்றுக் கட்டை வெளியிலிருந்து தள்ளிக்கொண்டிருக்கும். உள்ளே நிற்கும் தண்ணீர்தான் அதற்கு எதிராகத் தாங்குகிறது. தண்ணீரை ஒரேயடியாக எடுத்துவிட்டால் கட்டு உள்ளே சரியும். கல்லில் வெட்டிய கிணற்றிலும் மேல் மண்ணைத் தாங்கும் கட்டு இப்படிப் போகலாம். மண்கும்பான், சாட்டி போன்ற மணல் நிலங்களில் இன்னும் கவனம் வேண்டும்.

இரண்டாவது, உப்பு. தீவுகளில் நன்னீர் என்பது கடல் நீருக்கு மேல் மிதக்கும் ஒரு மெல்லிய படை. கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. மேலே உள்ளதைக் குறைத்துக்கொண்டே போனால் கீழேயிருந்து உவர் மேலெழும். துலாவால் இறைத்த காலத்தில் மனிதக் கைக்கு ஓர் எல்லை இருந்தது. பம்புக்கு அந்த எல்லை இல்லை. எங்களிடம் பம்பை இரவல் கேட்டு வருகிறவர்களிடம், எத்தனை மணி நேரத்துக்கு என்று நாங்கள் கேட்பது இதனால்தான்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கிழக்கு மாகாணத்தில் இது நடந்தது. கடல் புகுந்த கிணறுகளை உதவி நிறுவனங்களும் மக்களும் திரும்பத் திரும்ப இறைத்தார்கள். நல்லெண்ணத்தில்தான் செய்தார்கள். சில கிணறுகள் இடிந்தன, சிலவற்றில் உவர் கூடியது. உப்பைக் குறைத்தது பெரும்பாலும் அடுத்து வந்த மாரி மழைதான்.

ஆகவே வெள்ளம் வடிந்து, சுற்று நிலம் இறுகும்வரை பொறுங்கள். முதலில் மிதக்கும் குப்பையை வாளியால் அள்ளுங்கள். பிறகு சிறிது சிறிதாக, சில நாட்களுக்குப் பிரித்து இறையுங்கள், வற்றவிட வேண்டாம். கட்டில் புது வெடிப்பு தெரிந்தாலோ, ஓரத்து மண் தாழ்ந்தாலோ உடனே நிறுத்தி, பிள்ளைகளையும் ஆடு மாடுகளையும் தள்ளி வையுங்கள். இறைத்த தண்ணீர் திரும்பக் கிணற்றடிக்கு ஓடாதபடி வாய்க்கால் வெட்டுங்கள்.

எண்ணெயில் ஓடும் பம்பை ஒருபோதும் கிணற்றுக்குள் இறக்க வேண்டாம். அதன் புகை மணமில்லாமலே ஆளைக் கொல்லும். நெடுநாள் மூடிக் கிடந்த கிணற்றில் புகை இல்லாமலும் மூச்சு முட்டலாம். உள்ளே ஒருவர் மயங்கினால் பின்னால் குதிக்காதீர்கள். காப்பாற்றப் போனவரும் சேர்ந்து இறப்பது வழக்கமாக நடக்கிறது. இறங்குபவரின் இடுப்பில் கயிறும், மேலே இரண்டு பேரும் முன்கூட்டியே இருக்க வேண்டும்.

கைவிடப்பட்ட கிணற்றில் இரும்புப் பெட்டியோ, இனந்தெரியாத பொருளோ கண்டால் தொடாமல் கிராம அலுவலரிடம் சொல்லுங்கள். குளோரின் அளவைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் தண்ணீரின் ஆழம் பார்த்துச் சொல்லுவார். அவர் சரியென்று சொல்லும்வரை குடிக்கும் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவிடுங்கள். உவர்த் தண்ணீர் கொதித்தாலும் உவர்தான். அதற்குப் பவுசர் தண்ணீர் கேட்டுப் பிரதேச சபையில் பதியுங்கள்.