பூட்டிய காட்டுக்குப் போகும் கூட்டம்

பாலக்காடு மாவட்டத்துப் பரம்பிக்குளத்துக்கு சாலை வழியாகப் போக வேண்டுமானால் பொள்ளாச்சிக்குப் போய், சேத்துமடை, டாப்ஸ்லிப் வழியாக, தமிழ்நாட்டு வனத்துறைச் சாவடியைத் தாண்டித்தான் போயாக வேண்டும். காடு கேரளத்துக்குச் சொந்தம், வாசல் தமிழ்நாட்டில். உள்ளே உள்ள அணைகள் கேரள மண்ணில் நின்றாலும் அவற்றைப் பராமரிப்பது தமிழக அரசு. விசித்திரமான ஏற்பாடுதான்!

2010-ல் புலிகள் காப்பகமான இக்காட்டில் நினைத்த இடத்தில் இறங்கி நடக்க முடியாது. வனத்துறை வேனில், மலைவாசி இளைஞர் ஒருவரின் துணையோடு சுற்றி வர வேண்டும். வெட்டப் போனபோது ரத்தம் பீறிட்டதாகக் கதை சொல்லிக் கும்பிடப்படும் கன்னிமாரா தேக்கை அவர் காட்டுவார். கட்டிப்பிடிக்க நாலைந்து பேர் கைகோர்க்க வேண்டிய மரம் அது. இத்தனை கட்டுப்பாடுகள் இருந்தும் கூட்டம் குறையவில்லை. கட்டுப்பாடு இருப்பதால்தான் பார்ப்பதற்கு அங்கே ஏதோ மிஞ்சியிருக்கிறது.

அதே மாவட்டத்தின் அமைதிப் பள்ளத்தாக்கும் இப்படித் தப்பியதே. குந்திப்புழையில் அணை கட்டும் திட்டம் பலத்த எதிர்ப்புக்குப் பின் 1983-ல் கைவிடப்பட்டது. 1984-ல் அது தேசியப் பூங்காவாயிற்று. இன்று முக்காலியிலிருந்து ஜீப்பில் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்கள்.

வேட்டைக்காடு பூங்காவானது

தெற்கே, இடுக்கி மாவட்டத்தில் இதற்கெல்லாம் பெரிய உதாரணம் இரவிகுளம். 97 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இந்தப் புல்மலை ஒரு காலத்தில் தேயிலைத் தோட்டத் துரைமார்களின் வேட்டைக்காடு. வேட்டைக்கு மிருகம் வேண்டுமே என்பதற்காக அவர்களே காவல் போட்டார்கள். காவலுக்கு நின்றவர்கள் முதுவர்கள். 1971-ல் கேரள அரசு சட்டம் இயற்றித் தோட்டக் கம்பெனியின் உபரி நிலங்களை எடுத்துக்கொண்டது. 1975-ல் இது சரணாலயமானது, 1978-ல் தேசியப் பூங்கா. தென்னிந்தியாவின் உயரமான சிகரமான ஆனைமுடி (2,695 மீட்டர்) இதற்குள்தான் இருக்கிறது.

தமிழ்நாட்டின் மாநில விலங்கான வரையாடு இங்கே இருக்கும் அளவுக்கு வேறெங்கும் இல்லை. 2025-ல் எடுத்த கணக்கில் 800-க்கு மேல் இருந்தன. பல தலைமுறையாகத் துப்பாக்கிச் சத்தம் கேளாததால், ராஜமலையில் சாலையோரத்திலேயே மேய்கின்றன. மூணாறு - உடுமலைப்பேட்டை சாலையில் ஐந்தாம் மைலில் டிக்கெட் வாங்கி வனத்துறை பஸ்ஸில் ஏறினால் போதும். பிப்ரவரி, மார்ச்சில் குட்டி ஈனும் காலமென்று கதவை அடைத்துவிடுவார்கள். லாட்ஜ்காரர்களுக்கு இதில் வருத்தந்தான். ஆனால் ஏப்ரலில் கதவு திறந்ததும் முதல் கேள்வியே குட்டிகளைப் பார்க்கலாமா என்பதுதான்.

மூணாற்றில் ஜீப் ஓட்டுபவரும், ஹோட்டலில் பரிமாறுபவரும், தேயிலைப் பொட்டலம் விற்பவரும் பெரும்பாலும் லயங்களில் பிறந்து வளர்ந்த நம் தமிழ்ப் பிள்ளைகள். 2018 ஆகஸ்டில் குறிஞ்சி பூத்த வேளையில் பெருவெள்ளம் வந்து பெரியவாரைப் பாலம் உடைந்தபோது, பன்னிரண்டு ஆண்டு காத்திருந்த வருமானம் இவர்கள் கையை விட்டுப் போயிற்று.

அதே சாலையின் மறுகோடி

பயணிகளின் பஸ் திரும்பும் இடத்துக்கு அப்பால் அந்தச் சாலை பெட்டிமுடிக்குப் போகிறது. 2020 ஆகஸ்ட் 6 இரவு அங்கே மலை சரிந்து லயங்களை மூடியது. 70 பேர் மாண்டனர். நால்வரின் உடல் கிடைக்கவே இல்லை. இறந்தவர்களில் பலருக்குப் பூர்வீகம் கயத்தாறு பக்கம். மின்சாரமும் போனும் இல்லாததால் விடிந்த பிறகே வெளியுலகத்துக்குச் சேதி தெரிந்தது. பெரியவாரையில் தற்காலிகப் பாலமும் பழுதாகிக் கிடந்ததால் மீட்புப் படை போய்ச் சேரத் தாமதமாயிற்று.

லயம் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பு, டிக்கெட் வசூல் வனத்துறையின் கணக்கு என்பது சட்டப்படி சரியாக இருக்கலாம். ஆயினும் சாலை ஒன்றுதானே? குறிஞ்சி அடுத்து 2030-ல் பூக்கும். அந்தக் கூட்டத்துக்கு இப்போதே ஏற்பாடு செய்யும் அதிகாரிகள், மழை வலுக்கும் இரவில் கடைசி லயம் வரைக்கும் எச்சரிக்கை போய்ச் சேரவும், கூப்பிட்டால் ஆம்புலன்ஸ் வந்து சேரவும் வழி செய்ய வேண்டும் என்று தோட்டத் தொழிலாளர் கேட்பதில் தவறில்லை.