பாட்டுக்கும் ஒரு பாதை உண்டு

ஆயாக்கொட்டகையில் தூளி ஆட்டிய பாட்டியை உங்களுக்கு நினைவிருக்கிறதா? முதலில் பிள்ளை அழுவதற்குக் காரணம் கேட்பார். அடுத்து, மாமன் கொண்டுவரும் சீரைச் சொல்லி ஆசை காட்டுவார். போகப் போகச் சொற்கள் குறையும். ஓசை மட்டும் நிற்கும். பிள்ளை உறங்கிவிடும். அழுகையிலிருந்து உறக்கம்வரை ஒரு மனத்தைக் கைப்பிடித்து அழைத்துப் போவதுதான் பாட்டுக் கட்டும் கலை.

ஒப்பாரியும் அப்படித்தான். எடுத்த எடுப்பில் அலறுவதில்லை. இறந்தவரின் வாழ்வையும் பெருமையையும் அடுக்கிச் சொல்லி, கடைசியில் தான் தனித்து நிற்பதைச் சொல்லும்போதுதான் கூட்டம் கண்கலங்கும்.

இந்தக் கிராமத்து வித்தையை ஊரறியச் செய்தவர் இளையராஜா. அவருடைய அண்ணன் பாவலர் வரதராஜன், 1958-இல் கேரளத்துத் தேவிகுளம் இடைத்தேர்தலில் தேயிலைத் தோட்டத் தமிழர்களிடையே பாடியவர். அவர்களுக்குப் பழகிய மெட்டில் அவர்கள் பாட்டையே பாடினார். அந்த அண்ணனின் குழுவோடு ஊர் ஊராகச் சென்று வளர்ந்தவர்தான் தம்பி. 1976-இல் வந்த 'அன்னக்கிளி' அவருக்கு முதல் படம். அதில் நெல் குத்தும் பெண்களின் பாட்டும் உண்டு. படத்தின் பெயரோடு தொடங்கும் பாட்டை எஸ். ஜானகி பாடும்போது காதல் ஏக்கம், டி.எம். சௌந்தரராஜன் பாடும்போது அதே மெட்டில் சோகம். மெட்டு மாறவில்லை, நாம் வந்து நிற்கும் இடம்தான் மாறிவிட்டது! அப்படித் தொடங்கியவர் 2025 மார்ச் 8-இல் லண்டனில் தம் சிம்பொனியை அரங்கேற்றினார்.

நம் பிள்ளைகளாலும் இது முடியும். ஒரு நாள் ஐந்தாம் ஆண்டு மாணவர்களை, "அம்மாவைப் பற்றிப் பாட்டு எழுதுங்கள்" என்றேன். ஒருவன் அன்புக் கடல், தியாகச் சுடர் என்று அடுக்கினான். வகுப்பு கொட்டாவி விட்டது. ஒரு சிறுமி, இருட்டில் அம்மாவின் தலைவிளக்கு பால்மரங்களுக்கிடையே நகர்வதில் தொடங்கினாள். மழை பெய்தால் அம்மா வீட்டிலிருப்பார், தனக்கு மகிழ்ச்சி என்றாள். மழை பெய்தால் சம்பளம் குறையும், அம்மாவுக்குக் கவலை என்றாள். கடைசியில், மழையை வரச் சொல்வதா, போகச் சொல்வதா என்று கேட்டு முடித்தாள். வகுப்பில் ஒரு சத்தமும் இல்லை.

பெரிய சொல் எதுவும் அதில் இல்லை. கண்ட காட்சியில் தொடங்கி, மகிழ்ச்சி வழியாக நடந்து, கவலையில் வந்து நின்றாள். அவ்வளவுதான்.

கெடாவில் பால்மரக் காடுகள் பல செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. லயத்து வீடுகளை விட்டுச் சுங்கைப்பட்டாணிக்கும் கூலிமுக்கும் குடிபெயர்ந்த நாம், தட்டுமுட்டுச் சாமான்களை மறக்காமல் ஏற்றி வந்தோம். பாட்டியின் பாட்டை ஏற்றி வந்தோமா?

இன்றிரவே பாட்டியைப் பாடச் சொல்லுங்கள். பிள்ளைகள் கைப்பேசியில் பதியட்டும். நோட்டுப் புத்தகத்தில் எழுதட்டும். பிறகு அதே மெட்டில் தங்கள் கதையைச் சொல்லிப் பார்க்கட்டும். பாட்டி போன வழியில் பேத்தியும் நடந்தால், அந்தப் பாதையில் புல் முளைக்காது.