44-ஆவது திருத்தம் தண்டையார்பேட்டைக்கு என்ன செய்தது?

2016 டிசம்பரில் ஜெயலலிதா மறைந்த பிறகு ஆர்.கே. நகர் தொகுதிக்கு ஓராண்டுக்கு மேல் எம்.எல்.ஏ. இல்லை. 2017 ஏப்ரலில் நடக்க வேண்டிய இடைத்தேர்தலைப் பணப் பட்டுவாடா புகாரால் தேர்தல் ஆணையம் ரத்து செய்தது. டிசம்பரில்தான் ஓட்டுப் போட முடிந்தது. குடிநீருக்கோ பட்டாவுக்கோ மனு எடுத்துக்கொண்டு போக நமக்கென்று ஓர் ஆள் இல்லாத அந்த நிலை தண்டையார்பேட்டைக்காரர்களுக்கு நினைவிருக்கும். 1976-இல் தமிழ்நாடு முழுவதற்கும் அதே கதி. 17 மாதம், எந்தத் தொகுதிக்கும் எம்.எல்.ஏ. கிடையாது.

1976 ஜனவரி 31 அன்று கருணாநிதியின் ஆட்சி கலைக்கப்பட்டது, சட்டமன்றமும் போயிற்று. உத்தரவு குடியரசுத் தலைவர் ஃபக்ருதீன் அலி அகமதுவின் பெயரில் வந்தது. ஆனால் நம் நாட்டில் குடியரசுத் தலைவரின் பெயரில் நடப்பதில் பெரும்பகுதி மத்திய அமைச்சரவையின் முடிவு. அதனால் அவருக்கு எவ்வளவு அதிகாரம் என்று கேட்பதைவிட, அவருடைய கையெழுத்தைப் பிரதமர் எவ்வளவு சுலபமாக வாங்கிவிடலாம் என்று கேட்பதே சரி. அரசமைப்புத் திருத்தங்கள் அந்தச் சுலபத்தைத்தான் கூட்டுகின்றன, குறைக்கின்றன.

1975 ஜூன் 25 இரவு அது எவ்வளவு சுலபமாக இருந்தது என்று பாருங்கள். அமைச்சரவையைக் கூட்ட நேரமில்லை, காலையில் சொல்லிவிடுகிறேன் என்று பிரதமர் இந்திரா காந்தி கடிதம் அனுப்பினார். அதை வைத்தே நெருக்கடி நிலைப் பிரகடனத்தில் நள்ளிரவுக்குள் கையெழுத்தாகிவிட்டது. அமைச்சர்கள் கூடியது மறுநாள் காலை ஆறு மணிக்கு. முடிந்துபோன காரியத்துக்குத் தலையாட்டினார்கள். அந்த டிசம்பரில் அபு ஆபிரகாம் ஒரு கேலிச்சித்திரம் வரைந்தார். குளியல் தொட்டியில் கிடந்தபடியே குடியரசுத் தலைவர் அவசரச் சட்டத்தில் கையெழுத்திட்டு நீட்டுகிறார்.

பிறகு திருத்தங்கள் வரிசையாக வந்தன. குடியரசுத் தலைவர் நெருக்கடி நிலை தேவை என்று கருதினால் அதை எந்த நீதிமன்றமும் கேட்கக் கூடாது என்றது 38-ஆவது திருத்தம். அமைச்சரவை சொன்னபடி அவர் நடந்தே ஆக வேண்டும் என்று எழுதிவைத்தது 1976-இன் 42-ஆவது திருத்தம். மக்களவையின் ஆயுளையும் ஐந்திலிருந்து ஆறு ஆண்டாக நீட்டியது. உயிர், சுதந்திரம் பற்றிய 21-ஆவது பிரிவைக் காட்டி வழக்குத் தொடுக்கும் உரிமையோ 1975 ஜூனிலேயே நிறுத்தப்பட்டிருந்தது. அதன் விலையைச் சென்னையே கண்ணால் கண்டது. விசாரணையின்றி அடைக்க உதவிய மிசா சட்டத்தில் பிடிபட்டவர்கள் சென்னை மத்திய சிறையில் அடிக்கப்பட்டார்கள். அவர்களில் ஒருவரான முன்னாள் மேயர் சிட்டிபாபு 1977 ஜனவரியில் இறந்தார். அந்தச் சிறைக் கொடுமைகளை நீதிபதி இஸ்மாயில் ஆணையம் பின்னால் விசாரித்தது.

ஜனதா ஆட்சி கொண்டுவந்த 44-ஆவது திருத்தத்தைத்தான் நம் அரசமைப்பின் மிக நல்ல பழுதுபார்ப்பு வேலை என்பேன். குடியரசுத் தலைவருக்கு அது பெரிய அதிகாரம் எதுவும் கொடுக்கவில்லை. கையெழுத்துக்கு முன்னும் பின்னும் சில தடைகளை வைத்தது. அமைச்சரவை முடிவு எழுத்தில் வந்தால்தான் நெருக்கடி நிலையை அறிவிக்கலாம். ஒரு மாதத்துக்குள் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு ஏற்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபடியும். ‘உள்நாட்டுக் குழப்பம்’ என்ற காரணம் போய் ‘ஆயுதக் கிளர்ச்சி’ வந்தது. 21-ஆவது பிரிவை இனி எந்த நெருக்கடியிலும் நிறுத்த முடியாது. அமைச்சரவையின் ஆலோசனையைக் குடியரசுத் தலைவர் ஒருமுறை திருப்பி அனுப்பலாம். மறுபடி வந்தால் ஏற்க வேண்டும்.

ஒருமுறைதானே என்று தோன்றும். 1997-இல் உத்தரப் பிரதேச ஆட்சியைக் கலைக்கச் சொன்ன பரிந்துரையைக் குடியரசுத் தலைவர் கே.ஆர். நாராயணன் திருப்பி அனுப்பினார். குஜ்ரால் அமைச்சரவை அதோடு கைவிட்டது. நாடே பார்க்கும்போது அதே தாளை இரண்டாம் முறை அனுப்ப எந்த அரசும் யோசிக்கும்.

மாநில ஆட்சியைக் கலைக்க வழிசெய்யும் 356-ஆவது பிரிவு மட்டும் முழுதாகச் சரியாகவில்லை. 1991 ஜனவரியில் ஆளுநர் பர்னாலா அறிக்கை தர மறுத்தும் தமிழக ஆட்சி கலைக்கப்பட்டது; ஆளுநர் அறிக்கை ‘அல்லது வேறு வகையில்’ என்று அந்தப் பிரிவில் இருக்கும் சில சொற்கள் போதுமானதாக இருந்தன. கலைப்பை நீதிமன்றம் ஆராயலாம் என்று 1994-இல் எஸ்.ஆர். பொம்மை வழக்கின் தீர்ப்பு வந்த பிறகுதான் கலைப்புகள் குறைந்தன.

இலங்கையில் ஜனாதிபதி நிஜமாகவே ஆட்சி நடத்துபவர். அங்கும் இதே பாடம்தான். 2018-இல் ஜனாதிபதி சிறிசேன நாடாளுமன்றத்தைக் கலைத்தார். நாடாளுமன்றம் கூடி நாலரை ஆண்டு ஆவதற்கு முன் அப்படிக் கலைக்க முடியாது என்று 2015-இன் 19-ஆவது திருத்தம் சொல்லியிருந்ததால் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாதாக்கியது. 2020-இல் 20-ஆவது திருத்தம் அந்தத் தடையைத் தளர்த்தியது.

இங்கே 44-ஆவது திருத்தத்தில் ஒரு பகுதி இன்னும் தூங்குகிறது. வட சென்னைக்கு அதுதான் மிக நெருக்கமான பகுதி. குண்டாஸ் என்று நாம் சொல்லும் 1982-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒருவரை வழக்கு விசாரணை இல்லாமல் ஓராண்டு வரை அடைத்து வைக்கலாம். இப்படிப்பட்ட காவலை ஆலோசனைக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் இரண்டு மாதத்துக்கு மேல் நீட்டக் கூடாது, உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியின் பரிந்துரைப்படியே அந்தக் குழு அமைய வேண்டும், பதவியில் இருக்கும் நீதிபதி தலைமை ஏற்க வேண்டும் என்கிறது திருத்தத்தின் 3-ஆவது பிரிவு. இப்போதுள்ள வரம்பு மூன்று மாதம். நாடாளுமன்றம் நிறைவேற்றி, 1979 ஏப்ரல் 30 அன்று குடியரசுத் தலைவரும் ஒப்புதல் தந்துவிட்டார். நடைமுறைக்கு வரும் தேதியை மத்திய அரசு அரசிதழில் அறிவிக்க வேண்டும், அறிவிக்கவில்லை. ஏ.கே. ராய் வழக்கில் உச்ச நீதிமன்றமும் அரசை வற்புறுத்த மறுத்துவிட்டது. ஜனதா, காங்கிரஸ், பாஜக என்று டெல்லியில் எல்லாரும் ஆண்டுவிட்டார்கள். அடுத்து ஓட்டுக் கேட்டு நம் தெருவுக்கு வரும் மக்களவை வேட்பாளரிடம், அந்த அறிவிப்பை எப்போது கேட்டு வாங்கித் தருவீர்கள் என்று கேட்கலாம்.