ஆசிரியைப் பயிற்சியின் தரத்தை அறிவது எப்படி?

"வளர்ந்தபின் என்னவாக விரும்புகிறாய்?" என்று கேட்டால், நம் மாணவியருள் பலர் "டீச்சர்" என்றே விடை பகர்கின்றனர். ஆங்கிலம் கற்பிக்க விரும்புவோர் பட்டம் பெற்றபின் நாடுவது பி.எட். பயிற்சி. அப்பயிற்சி நல்லதா என்று எதைக் கொண்டு அறிவது? கட்டடத்தின் அழகும் தேர்ச்சி விழுக்காடும் போதுமா?

நம் வகுப்புகளுக்கு ஆண்டுதோறும் பயிற்சி ஆசிரியைகள் வருகின்றனர். ஒருமுறை ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி எழுந்து, "மிஸ், 'போனேன்' என்பதற்கு 'வென்ட்' என்றீர்கள். 'போகவில்லை' என்பதற்கு மட்டும் ஏன் 'டிட் நாட் கோ'?" என்று கேட்டாள். ஆசிரியை பாடக்குறிப்பேட்டைப் புரட்டினார். அதில் விடை இல்லை. "உட்கார்" என்றார். 'டிட்' என்ற சொல்லே இறந்தகாலத்தைக் காட்டிவிடுவதால் 'கோ' மாறுவதில்லை, விடை இவ்வளவே. அச்சிறுமி பின்னர் அவரிடம் ஐயம் கேட்கவேயில்லை. அந்த ஆசிரியையை நாம் குறை கூறவில்லை. வண்ணப் படங்கள் வரையப் பழக்கியவர்கள், ஐயத்தை எதிர்கொள்ளப் பழக்கவில்லை.

ஆகவே நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: கற்பிக்கும் முறைகளோடு ஆங்கில மொழியையும் அக்கல்லூரி வளர்க்கிறதா? தமிழ்வழியில் பயின்ற பெண் கூச்சமின்றிப் பேசப் பழக அங்கே நேரம் உண்டா?

இரண்டாவது, வகுப்பறைப் பழக்கம் எவ்வளவு? தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2014ஆம் ஆண்டு வெளியிட்ட விதிகள், ஓராண்டாக இருந்த பி.எட். படிப்பை ஈராண்டாக்கின, பள்ளிகளில் குறைந்தது 20 வாரப் பயிற்சியையும் வேண்டின. அந்த வாரங்கள் உண்மையாகவே வகுப்பறையில் கழிகின்றனவா, பதிவேட்டில் மட்டும் நிரம்புகின்றனவா?

மூன்றாவது, விரிவுரையாளர் வகுப்பின் கடைசிப் பெஞ்சில் அமர்ந்து பாடத்தைக் கேட்டு, பின்னர் குறைநிறைகளைப் பொறுமையாக எடுத்துரைக்கிறாரா? நீச்சலைக் கரையில் நின்று கற்க இயலாது. தனியே நீரில் தள்ளிவிடுவதும் பயிற்சியாகாது.

எண்ணிக்கை மட்டும் தரமாகாது. 1960ஆம் ஆண்டையொட்டி, அன்றைய சென்னை மாநிலத்தில், தொடக்கநிலை ஆங்கிலம் கற்பிக்கும் 27,000 ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி அளிக்கப் பெருமுயற்சி நடைபெற்றது. சிலர் பயின்று பலருக்குப் பயிற்றும் அம்முறையைப் 'பனிப்பந்து' என்றனர். உருள உருளப் பந்து பெரிதாகும். ஆனால் பாலைக் கைமாற்றிக் கைமாற்றி ஊற்றினால் சிறிது சிந்தவும் கூடுமன்றோ? எத்தனை பேர் பயின்றனர் என்பதோடு, கடைசிக் குழந்தையிடம் எவ்வளவு சேர்ந்தது என்பதையும் பார்க்க வேண்டும்.

எனவே கல்லூரியைத் தேர்ந்தெடுக்குமுன், பெற்றோரே, அங்கே பயின்று ஓராண்டு பணியாற்றிய ஆசிரியை ஒருவரைக் கண்டு பேசுங்கள். கனியைக் கொண்டு மரத்தை அறிவது நம் ஆண்டவர் காட்டிய வழி.

வருங்கால ஆசிரியைகளாகும் தங்கைகளே, நாளை உங்கள் வகுப்பிலும் ஒரு சிறுமி ஐயத்தோடு எழுந்து நிற்பாள். விடை தெரிந்தால் அன்போடு கூறுங்கள். தெரியாவிடில், "நாளை பார்த்துச் சொல்கிறேன், அம்மா" என்று கூறி, மறவாமல் சொல்லுங்கள். அவளை உட்கார வைத்துவிடாதீர்கள்.