சட்டமும் சாகுபடியும்: கீழ்ப்பழனி மலைக் காப்பி கூறும் பாடம்

ஒரு நிலத்தில் எப்பயிர் விளையும் என்பதை மண்ணும் மழையும் உயரமும் முடிவு செய்கின்றன. அப்பயிரை விளைவிப்பவர் வாழ்வாரா, தாழ்வாரா என்பதை முடிவு செய்வதில் சட்டத்துக்கும் பெரும்பங்கு உண்டு. சட்டம் என்றவுடன் நீதிமன்றமும் காவல் நிலையமுமே நம்மவர்க்கு நினைவுக்கு வருகின்றன. உண்மையில் அது நம் வேலிக்குள்ளும் களத்திலும் நாள்தோறும் வேலை செய்து கொண்டிருக்கிறது. அது எவ்வாறு வேலை செய்கிறது என்பதை ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயப் பெருமக்களும் அறிந்திருத்தல் நலம்.

வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் செல்லும் மலைப்பாதையும் பழனியிலிருந்து ஏறிவரும் பாதையும் கூடும் இடம் பெருமாள்மலை. அதற்கு மேலே குளிர் மிகுந்த ஊர்களில் பூண்டும் உருளைக்கிழங்கும் காரட்டும் விளைகின்றன. அதைச் சுற்றியும், கீழே பண்ணைக்காடு, தாண்டிக்குடிப் பக்கங்களிலும் காப்பி, மிளகு, மலைவாழை ஆகியவை விளைகின்றன. இவற்றுள் காப்பியை மட்டும் ஈண்டு எடுத்துக்கொள்வோம். கடந்த எண்பது ஆண்டுகளில் மலை மாறவில்லை. செடியின் இயல்பும் மாறவில்லை. சட்டம் பலமுறை மாறியது. அதனுடன் விவசாயியின் நிலையும் மாறியது. ஆகவே சட்டத்தின் வேலையைத் தனியே பிரித்துக் காண்பதற்கு இப்பயிர் மிகவும் ஏற்றது.

பொதுத்தொகுப்பு

1939-இல் இரண்டாம் உலகப்போர் மூண்டபோது ஐரோப்பியச் சந்தைகள் இந்தியக் காப்பிக்கு அடைபட்டன. வாங்குவோரின்றி விலை சரிந்தது. தோட்டங்களே அழிந்துவிடும் என்ற அச்சம் எழவே, 1940-இல் ஓர் அவசரச் சட்டமும் அதனைத் தொடர்ந்து 1942-இல் ஒரு சட்டமும் பிறந்தன. இவற்றின்படி, வீட்டுத் தேவைக்கும் விதைக்கும் அனுமதிக்கப்பட்ட சிறு அளவு நீங்கலாக, விளைந்த காப்பி முழுவதையும் பொதுத்தொகுப்பில் ஒப்படைக்க வேண்டும். தோட்டக்காரர்கள் இதனைப் 'பூல்' என்றே வழங்கினர். காப்பி வாரியம் அதைப் பதனிடச் செய்து, தரம் பிரித்து, ஏலத்தில் விற்றது. வந்த தொகையில் செலவு நீக்கி, அவரவர் அளித்த அளவுக்கும் தரத்துக்கும் ஏற்பப் புள்ளிகள் இட்டுப் பங்கிட்டது. முதலில் ஒரு முன்பணம் கிடைக்கும். எஞ்சியது விற்பனை நடக்க நடக்கத் தவணைகளாக வரும்.

இதனால் விளைந்த நன்மை சிறிதன்று. ஓர் ஏக்கர் வைத்திருந்தவரும் நூறு ஏக்கர் வைத்திருந்தவரும் ஒரே ஏலத்தின் பயனைப் பெற்றனர். சந்தைக்குச் செல்ல வண்டியும் விலை பேச ஆளும் இல்லாத சிறு விவசாயிக்கு இது பெரும் துணை. வாங்குவார் உண்டோ இல்லையோ என்ற கவலை அவருக்கு இல்லை. காப்பி ஆராய்ச்சிக்கும் இவ்வாரியமே வழி செய்தது. அதன் மண்டல ஆராய்ச்சி நிலையம் ஒன்று நம் தாண்டிக்குடியிலேயே உள்ளது.

குறைகளும் இருந்தன. பழுத்த பழங்களை மட்டும் பார்த்துப் பறித்து, அன்றன்றே தோல் நீக்கி, களத்தில் பொறுமையாக உலர்த்துகிறார் ஒருவர். மற்றொருவர் காயும் பழமும் சேர்த்து உருவி எடுக்கிறார். இருவருடைய காப்பியும் தரம் பிரிக்கப்படும் என்பது உண்மையே. எனினும் ஒரே தரப்பிரிவுக்குள் விழுந்தபின் முதலாமவருடைய தோட்டத்தின் தனிச்சுவைக்குத் தனி விலை இல்லை. மேலும், பழம் பறித்த பெண்களுக்குக் கூலி அன்றே கொடுத்தாக வேண்டும். தவணையோ அடுத்த ஆண்டும் வரும், அதற்கு அப்பாலும் வரும். இடைக்காலத்தில் வட்டிக்கு வாங்குவதைத் தவிர ஏழை விவசாயிக்கு வேறு வழி இல்லாதிருந்தது.

சந்தை திறந்தபோது

உலக அளவிலும் இத்தகைய ஏற்பாடு ஒன்று இருந்தது. 1962-இல் உருவான சர்வதேசக் காப்பி ஒப்பந்தம், ஒவ்வொரு நாடும் இவ்வளவே ஏற்றுமதி செய்யலாம் என்று பங்கு வகுத்து விலையைத் தாங்கிப் பிடித்தது. நாடுகளிடையே இணக்கம் குலைந்து, 1989 ஜூலையில் அப்பங்கீட்டு முறை கைவிடப்பட்டது. சில மாதங்களிலேயே உலக விலை ஏறத்தாழப் பாதியாயிற்று. இந்தியக் காப்பியைப் பெருமளவில் வாங்கி வந்த சோவியத் நாடும் 1991-இல் கலைந்தது.

இந்நிலையில் இந்திய அரசு பொதுத்தொகுப்பைப் படிப்படியாகத் தளர்த்தியது. 1992-இல் விளைச்சலில் 30 விழுக்காட்டை விவசாயி உள்நாட்டில் தாமே விற்க இடம் கிடைத்தது. பின்னர் அப்பங்கு உயர்த்தப்பட்டது. 10 எக்டருக்கு மேற்படாத சிறு விவசாயிகள் முதலில் முழு விடுதலை பெற்றனர். 1996-இல் எல்லோருக்கும் பொதுத்தொகுப்பு முடிவுற்றது.

விடுதலை கிடைத்த காலம் நல்ல காலமாக இருந்தது. 1994-இல் பிரேசில் நாட்டில் கடும் பனி விழுந்து செடிகள் கருகியதால் உலகெங்கும் காப்பி விலை ஏறியது. நம் மலையிலும் பல வீடுகள் எழுந்தன. பிள்ளைகள் கல்லூரிக்குச் சென்றனர். ஆயின் அவ்வுயர்வு நிலைக்கவில்லை. 1986-இல் தன் பொருளாதாரக் கொள்கையை மாற்றிக்கொண்ட வியட்நாம், சில ஆண்டுகளில் உலகின் பெரிய காப்பி நாடுகளுள் ஒன்றாயிற்று. சந்தையில் காப்பி குவிந்தது. 2001, 2002 ஆண்டுகளில் விலை மிகவும் தாழ்ந்து, பறிகூலிக்கும் போதாத நிலை பல தோட்டங்களில் ஏற்பட்டது.

ஹனாய் நகரில் எடுத்த ஒரு முடிவு, பெருமாள்மலைச் சரிவில் ஒரு குடும்பத்தின் அடுப்பைத் தொட்டது எனின் அது மிகையாகாது. பழைய சட்டம் விவசாயியின் உரிமையைத் தன் கையில் வைத்துக்கொண்டு, இடரையும் ஓரளவு தானே சுமந்தது. புதிய முறை உரிமையை விவசாயியிடம் கொடுத்தது. இடரையும் சேர்த்தே கொடுத்தது. உரிமையைத் தனியே ஆளலாம். இடரைத் தனியே சுமத்தல் அரிது. இதுவே இவ்வரலாறு கூறும் முதற்பாடம்.

கோடு எங்கே விழுகிறது?

ஒவ்வொரு சட்டமும் எங்கேயாவது ஒரு கோடு கிழிக்கிறது. 1951-இல் இயற்றப்பட்ட தோட்டத் தொழிலாளர் சட்டம், பெரிய தோட்டங்களில் குடியிருப்பு, மருத்துவம், குடிநீர், குழந்தைக் காப்பகம் ஆகியவற்றைக் கட்டாயமாக்கியது. 1981-இல் அச்சட்டம் திருத்தப்பட்டு, 5 எக்டர் பரப்பும் 15 தொழிலாளரும் உள்ள தோட்டங்கள் வரை விரிந்தது. அந்தக் கோட்டுக்கு மேலிருந்தவற்றுள், பெண் தொழிலாளரோ அவர்தம் குழந்தைகளோ மிகுந்த தோட்டங்களில், தாய் பழம் பறிக்கும்போது குழந்தைக்கு ஒரு காப்பகம் இருக்க வேண்டியிருந்தது. கோட்டுக்குக் கீழே மூன்று ஏக்கர் தோட்டத்தில் அதே வேலையைச் செய்த தாயின் குழந்தைக்கு நிழல் மரமே காப்பகம்.

சிறு விவசாயியின் மீது பெருந்தோட்டத்தின் சுமையை ஏற்றலாகாது என்பதால் அக்கோடு கிழிக்கப்பட்டது. அதில் நியாயம் உண்டு. எனினும் கோட்டுக்குக் கீழே விடுபட்டவர்களை யார் கவனிப்பது? இங்கேதான் ஊராட்சிக்கு வேலை இருக்கிறது. அங்கன்வாடி எந்தத் தெருவில் அமைய வேண்டும், பறிப்புக் காலமாகிய கார்த்திகை முதல் மாசி வரை அது எந்த நேரத்தில் திறந்திருக்க வேண்டும் என்பவற்றைக் கிராம சபை எடுத்துரைத்தால், சட்டம் விட்ட இடைவெளியில் ஒரு பகுதியை ஊரே நிரப்பிவிடும்.

மரமும் நீரும்

1955-இல் சென்னை மாநிலத்தில் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. இதன்படி அறிவிக்கப்பட்ட மலைப்பகுதிகளில், சொந்த நிலமாயினும், உரிய மாவட்டக் குழுவின் அனுமதியின்றி மரம் வெட்டலாகாது. சரிவில் மரம் போனால் மண் போகும். மண் போனால் ஊற்று வற்றும். நம் மலையின் தென்சரிவில் பெய்யும் மழை மஞ்சளாறு வழியாக வைகைப் படுகையைச் சேர்கிறது. வடசரிவின் நீர் வரதமாநதி, பாலாறு-பொருந்தலாறு அணைகளை நிரப்புகிறது. மலைமேல் ஒரு மரத்தைக் காப்பது, அடிவாரத்தில் ஒரு நெல்வயலைக் காப்பதாகும்.

சட்டத்தின் நோக்கம் சிறந்தது. ஆனால் பயன் ஒருவருக்கும் செலவு மற்றொருவருக்கும் சென்று சேர்கிறது. மகளின் திருமணத்துக்கோ மருத்துவச் செலவுக்கோ தாம் நட்ட சில்வர் ஓக் மரங்களை விற்க எண்ணும் விவசாயி, மனு எழுதி, ஆய்வுக்குக் காத்திருந்து, அனுமதி பெற வேண்டும். அவருடைய பொறுமையால் பயன் பெறுவோர் பழனியிலும் தேவதானப்பட்டியிலும் இருக்கின்றனர். வெட்டுவதற்கு அனுமதி அரிது என்ற அச்சம் பரவினால் நடும் கையும் தயங்கும். மரத்தைக் காக்க வந்த சட்டம், புதுமரம் நடுவதைத் தடுத்த கதையாகிவிடும்.

இதற்குப் பரிகாரம் சட்டத்தை மீறுவதன்று, நடைமுறையைச் செம்மைப்படுத்துவதாகும். நடும்போதே எந்தப் புல எண்ணில் எத்தனை மரம், என்ன வகை, எந்த ஆண்டு என்று குறித்து வைத்தால், பின்னர் அனுமதி கோரும்போது ஆய்வு எளிதாகும். நிழல் மரங்களில் மிளகுக் கொடி ஏற்றினால் மரத்தை வெட்டாமலே வருமானம் உண்டு. நின்ற மரம் வெட்டிய மரத்தைவிட அதிகம் தருமாறு செய்வதே மரச் சட்டத்துக்கு நாம் அளிக்கக்கூடிய நல்ல துணை.

காகிதமும் நிலமும்

இம்மலையின் பழங்குடியினர் பளியர். பல தலைமுறையாகக் காட்டை நம்பி வாழ்ந்தும் கையில் ஒரு காகிதமும் இல்லாதவராகவே அவர்களுள் பலர் இருந்தனர். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் இந்நிலையை மாற்ற வந்தது. 2005 டிசம்பர் 13-ஆம் நாளுக்கு முன்னரே காட்டு நிலத்தை அனுபவித்து வந்த பழங்குடிக் குடும்பத்துக்கு, 4 எக்டருக்கு மேற்படாமல், அனுபவத்தில் உள்ள அளவுக்கு உரிமை வழங்க அது வகை செய்கிறது. அவ்வுரிமை வாரிசுகளுக்குச் செல்லும், விற்க இயலாது. மணமானவர்க்குக் கணவன், மனைவி இருவர் பெயரிலும் கூட்டாகவே உரிமைச் சான்று வழங்கப்பட வேண்டும். ஒரு வரிச் சட்டம், மனைவியை நிலத்துக்கு உரியவளாக்கிவிட்டது. மேலும், இக்கோரிக்கைகளைப் பெற்று, ஆய்ந்து, முதல் தீர்மானம் செய்யும் அதிகாரம் கிராம சபைக்கே உரியது. சபை கூடாவிடில், அல்லது கூடியும் வாயைத் திறவாவிடில், இச்சட்டம் அச்சிட்ட தாளாகவே நின்றுவிடும்.

காகிதத்தின் அருமை இனி மேலும் கூடும். ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் ஒரு விதி இயற்றியுள்ளது. 2020 டிசம்பர் 31-க்குப் பின் காட்டை அழித்த நிலத்தில் விளைந்த காப்பியை அச்சந்தையில் விற்கலாகாது என்பது அதன் சாரம். எந்த நிலத்தில் விளைந்தது என்பதை நில அமைவிடக் குறிப்புடன் காட்ட வேண்டும். விளைந்த நாட்டின் சட்டங்களுக்கு உட்பட்டு விளைந்தது என்பதையும் மெய்ப்பிக்க வேண்டும். முதலில் குறித்த நாளில் அது நடைமுறைக்கு வராமல் தள்ளிவைக்கப்பட்டது. தள்ளிவைத்தல் நமக்குக் கிடைத்த அவகாசம், விலக்கன்று. இந்தியக் காப்பியில் பெரும்பகுதி ஏற்றுமதியாகிறது. அதில் ஐரோப்பாவின் பங்கு மிகப் பெரிது. நிழல் மரங்களுக்கடியில் காப்பி வளர்க்கும் நம் விவசாயி காட்டை அழித்தவர் அல்லர். ஆனால் பட்டா இறந்துபோன பாட்டனார் பெயரிலேயே இருக்குமாயின், அந்த உண்மையை அவர் எதைக் காட்டி மெய்ப்பிப்பார்?

நாம் செய்யக்கூடியன

இனி ஒரு புதிய சட்டமோ திட்டமோ வரும்போது ஊராட்சியில் நான்கு கேள்விகளை எழுப்புவோம். முடிவெடுக்கும் உரிமை யார் கைக்குச் செல்கிறது? இடரை யார் சுமக்கிறார்? செலவு யாருக்கு, பயன் யாருக்கு? கோட்டுக்கு வெளியே விடுபடுபவர் யார்? சட்டத்தின் பெயரைவிட இந்நான்கின் விடைகளே அதன் பயனைக் கூறும்.

கேள்வியோடு நின்றுவிடாமல் சில பணிகளையும் மேற்கொள்வோம். முதலாவது, காப்பி விளையும் ஒவ்வொரு ஊரிலும் பட்டா பெயர் மாற்றம் ஆகாத நிலங்களின் பட்டியலைத் தயாரித்து, வருவாய்த்துறையினரிடம் ஒருசேர விண்ணப்பம் அளித்தல். இரண்டாவது, வன உரிமைக் கோரிக்கைகளைக் கிராம சபையின் பொருள் நிரலில் சேர்த்து, பளியர் குடியிருப்புகளிலிருந்து ஆணும் பெண்ணும் வந்து பேச ஏற்பாடு செய்தல். மூன்றாவது, சேர்ந்து விற்றல். பொதுத்தொகுப்பு சட்டத்தால் கட்டாயமாகச் சேர்த்தது. உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் விருப்பத்தால் சேர்வது. இதற்குக் கம்பெனிச் சட்டத்தில் 2002-ஆம் ஆண்டுத் திருத்தம் வழி வகுத்துள்ளது. தோல் நீக்கும் இயந்திரமும் உலர்களமும் பொதுவாக அமைந்தால், நல்ல பழம் பறிப்பவருக்கு நல்ல விலை கேட்கும் வலிமையும் வரும். 2019-இல் குடகு, அரக்கு உள்ளிட்ட ஐந்து இந்தியக் காப்பிகள் புவிசார் குறியீடு பெற்றன. அவற்றுள் பழனி மலைக் காப்பி இல்லை. நம் மலைப்பூண்டும் விருப்பாச்சி மலைவாழையும் பெற்ற குறியீட்டைக் காப்பிக்கும் கேட்பதற்குச் சேர்ந்த குரல் வேண்டும்.

சட்டம் மழையைப் போன்றதன்று. மழை தானே வந்து எல்லோர் நிலத்திலும் பெய்கிறது. சட்டம், அறிந்து கேட்பவர் நிலத்துக்கே முதலில் பாய்கிறது. வாய்க்காலின் தலைமடையில் இருப்பவர் பெறுவது போலவே கடைமடையில் இருப்பவரும் பெறவேண்டுமாயின், வாய்க்காலைத் தூர் எடுத்து வைக்க வேண்டும். அவ்வேலை ஊராட்சியினுடையது, அடுத்த கிராம சபையிலேயே அதனைத் தொடங்கலாம்.