வியர்வை சொல்லும் சேதி

சித்திரை மாதத்து நண்பகலில், அடுப்படியில் நின்று, நெற்றியில் வடியும் வியர்வையை முந்தானையால் துடைத்துக்கொண்டே கறி ஆக்காத இல்லத்தரசி நம்மில் யார்தான் உண்டு? "சே, என்ன வேர்வை!" என்று அலுத்துக்கொள்கிறோம். அந்த வியர்வை மட்டும் வராதிருந்தால் நமது கதி என்னவாகியிருக்கும் என்று எப்போதாவது சிந்தித்தீர்களா?

நமது உடல் ஏறத்தாழ 37 பாகை செல்சியஸ் வெப்பநிலையில்தான் ஒழுங்காக இயங்கும். உணவு எரிவதாலும் தசைகள் அசைவதாலும் உள்ளே ஓயாமல் வெப்பம் உண்டாகிறது. வெளியே வெயில், பக்கத்தில் அடுப்பு. மூளையின் அடிப்பாகத்தில் உள்ள ஹைப்போதலமஸ் என்ற சிறு பகுதி, இரத்தம் சற்றுச் சூடானதும் நரம்புகள் வழியே தோலுக்குக் கட்டளை அனுப்புகிறது. தோலில் 20 முதல் 40 இலட்சம் வரையான வியர்வைச் சுரப்பிகள் இருக்கின்றன. சுருண்ட நூல் போன்ற சின்னஞ்சிறு குழாய்கள் அவை.

வியர்வை வடிவதால் மட்டும் உடல் குளிர்வதில்லை. அது ஆவியாக வேண்டும். மண்பானைத் தண்ணீர் ஏன் சில்லென்றிருக்கிறது? பானையின் நுண்துளைகளில் கசியும் நீர், வெப்பத்தை எடுத்துக்கொண்டு ஆவியாகிவிடுவதால்தான். நமது தோலும் அப்படியே. ஒரு லீற்றர் வியர்வை ஆவியாகும்போது சுமார் 580 கிலோ கலோரி வெப்பத்தைக் கொண்டுபோகிறது. ஒரு லீற்றர் குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைக்கத் தேவையான வெப்பத்தைப் போல் இது ஏறக்குறைய எட்டு மடங்கு!

1774இல் இலண்டனில் சார்ள்ஸ் பிளாக்டன் என்ற மருத்துவர், கொதிநீரை விடச் சூடேற்றப்பட்ட ஓர் அறைக்குள் நண்பர்களோடு நுழைந்தார். உள்ளே வைத்த முட்டை வெந்தது, இறைச்சித் துண்டும் வெந்தது. மனிதர்களோ நலமாக வெளியே வந்தார்கள். அறையின் காற்று உலர்ந்திருந்ததால் வியர்வை உடனுக்குடன் ஆவியாகி அவர்களைக் காத்தது. நமது கொழும்பிலும் கரையோர ஊர்களிலும் நிலைமை இதற்கு நேர்மாறு. காற்றில் ஏற்கனவே ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை ஆவியாகாமல் வீணாக வடிகிறது. ஆகவே குசினி யன்னலைத் திறந்து காற்றோட்டம் விடுங்கள். வீட்டில் பருத்தி உடையே நல்லது. (பொலியெஸ்டர் பளபளக்கும்தான், ஆனால் அடுப்படிக்கு அது ஏன்?)

வியர்வையில் 99 சதவீதம் தண்ணீர், மீதியில் பெரும்பங்கு உப்பு. அதற்கு மணமில்லை. நாற்றம் தருவது, அக்குள் முதலிய இடங்களில் பருவ வயதில் வேலை தொடங்கும் வேறொரு வகைச் சுரப்பியின் கசிவைத் தின்னும் பற்றீரியாக்களே. எனவே பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் திடீரென வாடை வீசினால் ஏசாதீர்கள். சவர்க்காரமிட்டுக் குளிக்கவும் உடுப்பைத் தினமும் மாற்றவும் அன்பாகச் சொல்லிக் கொடுங்கள்.

வெப்பத்தோடு சம்பந்தமில்லாத வியர்வையும் உண்டு. சோதனை மண்டபத்தில் பிள்ளையின் உள்ளங்கை ஈரமாவது பயத்தினால். நாற்பத்தைந்து, ஐம்பது வயதில் இரவில் திடீரெனச் சூடேறி வியர்ப்பது பெரும்பாலும் மாதவிடாய் நிற்கும் காலத்தின் அறிகுறி. இதை வெட்கப்பட்டு மறைக்காமல் வைத்தியரிடம் சொல்லலாம். இரவு வியர்வையோடு வாரக்கணக்கில் இருமலும் உடல் மெலிவும் இருந்தால் காசநோய்ப் பரிசோதனை அவசியம்.

நீரிழிவுக்கு மருந்தெடுப்பவர் நோன்பு நாளில் நடுங்கி வியர்த்தால் இரத்தத்தில் சீனி இறங்கியிருக்கக் கூடும். சோதித்துப் பாருங்கள். 70 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் மஃரிப் வரை பொறுத்திருக்கக் கூடாது; நோன்பை விட்டு உடனே சீனித் தண்ணீர் கொடுக்க வேண்டும். நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்துதானே இருக்கிறது!

எல்லாவற்றிலும் ஆபத்தானது குளிர்ந்த வியர்வை. வாப்பாவோ கணவரோ மின்விசிறிக்குக் கீழே இருந்தும் உடம்பு சில்லிட்டு வியர்த்து, நெஞ்சில் பாரம் என்கிறாரா? "வாயுவாக இருக்கும்" என்று இஞ்சித் தண்ணீர் வைத்துக்கொண்டு நேரத்தைப் போக்காதீர்கள். அது மாரடைப்பாக இருக்கலாம். பெண்களுக்கு நெஞ்சுவலியே இல்லாமல், குமட்டலும் மூச்சுத்திணறலும் கடும் களைப்புமாகவும் அது வருவதுண்டு. படியேற விடாமல் உட்கார வைத்து, 1990 இலக்கத்துக்கு அழைத்தால் 'சுவசெரிய' அம்புலன்ஸ் இலவசமாக வரும். அது வரும்வரை அவரைத் தனியே விட வேண்டாம்.